மிஸ்ஸுக்கு கையால செஞ்சு குடுக்கணும்... அம்மா செய்யறதா, புள்ள செய்யறதா?

ரெட்டைவால்அம்மா:
வணக்கம் மக்களே. என் பொண்ணுக்கு 4 வயசு, இந்த வருஷத்தோட ப்ரீஸ்கூல் முடியுது. கிளாஸ் மிஸ், அசிஸ்டன்ட் மிஸ், ஆயாம்மா, மூணு பேருக்கும் கையால ஏதாச்சும் செஞ்சு குடுக்கணும்னு ஆசை. ஸ்கூல் கேட் பக்கத்துல நின்னு கத்திக் கூப்பாடு போட்ட புள்ள இப்ப பைய என் கைலேந்து பிடுங்கிட்டு ஓடுது, அது தன்னால நடக்கல, அவங்க எவ்ளோ பொறுமையா இருந்தாங்கன்னு பாத்துட்டுதான் இருந்தேன்.

நெட்ல தேடினா வர்றது பூரா ஒண்ணு ரொம்ப பர்ஃபெக்ட்டா இருக்கு, எந்தப் புள்ளயோட கையும் பட்ட மாதிரி தெரியல, இல்லன்னா வாங்கறவங்க இத எங்க வைக்கிறதுன்னு முழிக்கிற மாதிரி அலங்காரப் பொருள். எனக்கு தையல் மெஷின் ஓட்டத் தெரியும், கிரோஷே கொஞ்சம் வரும், வரையறது சுத்தமா வராது. டைம் ஒரு மூணு வாரம் இருக்கு. நானே நல்லா பண்ணி அவ பேர மட்டும் எழுத வைக்கட்டுமா, இல்ல கோணலோ மாணலோ அவளே பண்ணட்டும்னு விட்டுடட்டுமா? ஐடியா குடுங்க ப்ளீஸ்.

நூல்கண்டு:
கிரோஷே கொஞ்சம் தெரியும்னா புக்மார்க் போடுங்க சிஸ், ஒரு ராத்திரில ஒண்ணு முடிச்சிடலாம். ஆனா காட்டன் நூல்ல போடுங்க, அதுவும் மெல்லிசா. கம்பளி மாதிரி தடியான நூல்ல போட்டா புக்கு மூடவே மூடாது, நடுவுல வீங்கிட்டு நிக்கும். முடிச்சதும் ஈரம் பண்ணி, இழுத்து பின் குத்தி, காய வைங்க, அப்பதான் சுருளாம தட்டையா இருக்கும். அக்ரிலிக் நூல்னா அது மேல அயர்ன் வைக்காதீங்க, இளகி பளபளன்னு ஆயிடும், அப்புறம் பழைய நெலமைக்கு வரவே வராது.

சும்மாவாசகி:
புக்மார்க் அழகுதான் நூல்கண்டு, ஆனா அதுல அந்தப் புள்ள எங்க இருக்கு? அது அம்மா மிஸ்ஸுக்கு குடுக்கற கிஃப்ட். தப்பில்ல, அதுக்கு "அம்மாகிட்டேந்து"ன்னு எழுதிக் குடுக்கலாம். புள்ள பேர போட்டு அம்மா வேலைய குடுக்கறது எனக்கு எப்பவுமே ஒரு மாதிரிதான் இருக்கும்.

நூல்கண்டு:
குஞ்சத்த புள்ள கட்டட்டுமே :) நூல அட்டைல சுத்தறதும் கத்தரிக்கறதும் 4 வயசுக்கு ரொம்பப் பிடிச்ச வேலை.

மழலைமிஸ்:
நான் இந்த வயசுப் பசங்களுக்கு டீச்சரா இருக்கேன், ரொம்ப வருஷமா. வாங்கற பக்கத்துலேந்து சொல்றேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

மக் வேண்டாம். எங்க எல்லார் வீட்டுலயும் மக்குக்குன்னே ஒரு தட்டு இருக்கு. வாசனை மெழுகுவத்தி அன்போட குடுப்பாங்க, ஆனா எனக்கு வீசிங் இருக்கு, பத்த வைக்கவே முடியாது, என்னை மாதிரி தலைவலி, மூச்சுத்தொல்லை உள்ளவங்க நெறைய பேர். வாசனை சோப்புக்கும் இதே கதைதான். பேனா ஸ்டாண்ட் ஒண்ணு போதும், மேஜைல அதுக்கு மேல எடம் இல்ல.

நான் பத்திரமா வச்சிருக்கறது என்னன்னு கேட்டா, லெட்டர். பெரிய லெட்டர் இல்ல. "எங்க மிஸ் ரொம்ப நல்லவங்க, அன்பானவங்க"ன்னு எழுதினது ஞாபகத்துல நிக்காது. "நீங்க தவளை மாதிரி கத்திக் காட்டினத வீட்டுல தினமும் செஞ்சு காட்றா, இப்ப எங்க மாமியாரும் கத்தறாங்க"ன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க பாருங்க, அத இன்னும் வச்சிருக்கேன். கிளாஸ்ல நாங்க பண்றது வீட்டுக்குப் போய் என்ன ஆகுதுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த மாதிரி ஒரே ஒரு விஷயம் எழுதுங்க, போதும். கூட என்ன பொருள் வச்சாலும் சந்தோஷம்தான்.

அப்புறம் ஆயாம்மாவ சேர்த்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி. டாய்லெட் கூட்டிட்டுப் போறது, டிரெஸ் மாத்தறது, வாந்தி துடைக்கறது எல்லாம் அவங்க, கடைசி நாள்ல கை நிறைய பையோட போறது நாங்க.

அரைடிக்கெட்அப்பா:
தையல், பின்னல் எதுவும் தெரியாத அப்பாக்களுக்கும் வழி சொல்லுங்கப்பா. நான் உப்பு மாவுல கை அச்சு எடுத்தேன், ஈஸியா இருந்துச்சு. மைதா மாவு ரெண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்குக்கு கொஞ்சம் கம்மியா. நல்லா பிசைஞ்சு ஒரு செ.மீ.க்கும் கம்மியான தடிப்புல தட்டி, கைய அழுத்தி எடுத்துட்டு, அவன்ல 100லேந்து 120 டிகிரி செல்சியஸ்ல ரெண்டு மூணு மணி நேரம். சூட்ட ஏத்தினா உப்பி வெடிக்கும், அவசரமே கூடாது. தொங்க விடணும்னா ஓட்டைய ஈரமா இருக்கும்போதே போட்டுடணும்.

பசைடப்பா:
அப்பாக்கு ஒரு சபாஷ். ரெண்டு விஷயம் சேத்துக்கறேன். உப்பு காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், அதனால மழைக்காலத்துல அந்த அச்சு பிசுபிசுன்னு ஆகி சில சமயம் மெத்துனு ஆயிடும். முன்னாடி பின்னாடி விளிம்பு எல்லாத்துக்கும் வார்னிஷ் அடிங்க, முன்பக்கம் மட்டும் அடிச்சா பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, வாங்கறவங்க வீட்டுல நாய் இருந்தா சொல்லி வைங்க, அவ்ளோ உப்ப நாய் தின்னா அதுக்கு உயிருக்கே ஆபத்து.

கைல கலர் பூசி அச்சு எடுக்கறவங்க அக்ரிலிக் பெயிண்ட பூசாதீங்க, அது தோலுக்காக செஞ்சது இல்ல. தண்ணில கழுவினா போற, பசங்களுக்குன்னு விக்கிற பெயிண்ட் போதும், காஞ்சப்பறம் மேல வார்னிஷ் அடிச்சா நிக்கும்.

சும்மாவாசகி:
கை அச்சும் நல்லாதான் இருக்கு, ஆனா நேர்மையா ஒரு கேள்வி. ஒரு டீச்சருக்கு வருஷத்துக்கு இருபது புள்ளைங்க. இருபது கை அச்சு. அது அம்மா அப்பாக்கு பொக்கிஷம், டீச்சருக்கு?

மழலைமிஸ்:
ஹாஹா, என் வாயால சொல்ல வைக்காதீங்க. கை அச்ச தாத்தா பாட்டிக்குக் குடுங்க, அவங்க செவுத்துல மாட்டுவாங்க.

அரைடிக்கெட்அப்பா:
மிஸ் சொன்னப்பறம் நான் என்ன பேச :(

கத்தரிக்கோல்:
இந்த "அம்மா செஞ்சதா புள்ள செஞ்சதா" சண்டை ஒவ்வொரு வருஷமும் வருது. என்னைப் பொறுத்தவரை வேலைய முறையா பிரிக்கத் தெரிஞ்சா சண்டையே இல்ல. புள்ளயோட வேலை முதல்ல வரணும், நம்ம வேலை அதுக்கப்பறம் வரணும். நாம எல்லாம் முடிச்சு வச்சிட்டு "இங்க மட்டும் ஒரு பூ வரை, ஜாக்கிரதையா, கெடுத்துடாத"ன்னு சொன்னா புள்ள பயந்துடும், நமக்கும் பிபி ஏறும். அதுவே வெறும் துணியக் குடுத்து கிறுக்க விட்டு, அதுல நல்லா வந்தத வெட்டி எடுத்து நாம தச்சா, புள்ளக்கும் விளையாட்டு, நமக்கும் நிம்மதி.

4 வயசுல என்ன வரும்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. மொன்னை கத்தரில நேர் கோடு ஓரளவுக்கு வெட்டுவாங்க. பெரிய மணி, பெரிய பட்டன் கோப்பாங்க. ஸ்டாம்ப் அழுத்துவாங்க. மனுஷன் வரைஞ்சா தலைலேந்தே நேரா காலு வரும், உடம்பு இருக்காது, அது அந்த வயசுக்கு சரியான படம்தான், திருத்தாதீங்க. எழுத்து கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி விழும், அதயும் திருத்தாதீங்க. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல எல்லாம் நேராயிடும், அப்புறம் நாம கேட்டாக்கூட அப்படி எழுதாது.

ரெட்டைவால்அம்மா:
கத்தரிக்கோல், நீங்க சொன்னது டக்குனு புடிச்சிடுச்சு. அவ தலைக்கால் மனுஷங்கதான் வரையறா, மிஸ்ஸ வரைஞ்சா தலைமுடி மட்டும் பேப்பர் பூரா இருக்கு.

யாரோ இன்பாக்ஸ்ல ரெசின்ல (ஊத்தினா கண்ணாடி மாதிரி கெட்டியாகுமே, அந்தப் பிசின்) பூ வச்சு கீசெயின் பண்ணலாம்னு சொன்னாங்க. இன்னொருத்தங்க ஃப்ரிட்ஜ் மேக்னட். அது எப்படி?

பசைடப்பா:
ரெசின் பெரியவங்க தனியா பண்ற வேலை. கெட்டியாகற வரைக்கும் அது தோல்ல பட்டா சிலருக்கு அலர்ஜி ஆரம்பிச்சு அப்புறம் ஆயுசுக்கும் விடாது. கையுறை வேணும், ஜன்னல் தெறந்திருக்கணும், புள்ள அந்த ரூம்லயே இருக்கக் கூடாது. புள்ள இல்லாம புள்ளயோட கிஃப்ட் எதுக்கு?

மேக்னட்டுக்கு நான் ஒரேடியா நோ. டீச்சர் அத கிளாஸ் போர்டுலதான் ஒட்டுவாங்க, கிளாஸ் நிறைய குட்டிப் பசங்க. அந்த சின்ன பவர்ஃபுல் காந்தத்த ரெண்டு முழுங்கிட்டா குடலுக்குள்ள ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிச்சு குடல ஓட்டை போட்டுடும், ஆபரேஷன் வரைக்கும் போகும். காந்தம் இல்லாட்டியும், கிளாஸ்ல இருக்கப் போற எந்தப் பொருள்லயும் கழண்டு வர்ற குட்டி மணி, கண்ணு, பட்டன் வேண்டாம். 3 வயசுக்குக் கீழ உள்ள பசங்க பொம்மைய சோதிக்கறதுக்கு 31.7 மி.மீ. அகலத்துல ஒரு குழாய் வச்சிருக்காங்க, அதுக்குள்ள முழுசா அடங்கிட்டா அந்தத் துண்டு தொண்டைய அடைக்கும்னு கணக்கு. நாம நெனைக்கறத விட அது பெரிய சைஸ், ஒரு ஸ்கேல் வச்சுப் பாருங்க.

பச்சைவிரல்:
செடி யாரும் சொல்லலயே? சின்ன மண் தொட்டிக்கு புள்ள பெயிண்ட் அடிக்கட்டும், உள்ள ஒரு செடி. ஆனா தொட்டியோட உள்பக்கம் முதல்ல சீலர், அதாவது தண்ணி ஊறாம தடுக்கற பூச்சு, அடிச்சுக் காய வைங்க. மண் தொட்டி தண்ணிய உறிஞ்சி வெளிய தள்ளும், உள்ள அடிக்கலன்னா வெளில இருக்கற பெயிண்ட் கொப்புளிச்சு உரிஞ்சிடும். மணி பிளான்ட் ஈஸின்னு அதயே வைக்காதீங்க, இலைய மென்னா வாயெல்லாம் எரியும், கிளாஸ்ல வச்சா ரிஸ்க். ஸ்பைடர் பிளான்ட் வைங்க, அதுல விஷம் இல்ல, ஒரு செடிலேந்தே நெறைய குட்டி விடும், மூணு தொட்டிக்கு மூணு குட்டி பிரிச்சுடலாம்.

மழலைமிஸ்:
செடி எனக்கு ஓகே. லீவுக்கு முன்னாடி குடுத்தா பள்ளிக்கூடத்துல தண்ணி ஊத்த ஆள் இருக்காது, அதனால வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற சைஸா பாத்துக் குடுங்க.

சரி, மெஷின் ஓட்டத் தெரியும்னு சொன்னாங்களே, எனக்கு ஆசை ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன். இடுப்புல கட்டிக்கற அரை ஏப்ரன், பாக்கெட் நெறைய வச்சு. நாள் பூரா எங்க கைல மார்க்கர், டிஷ்யூ, ஸ்டிக்கர், யாரோ கழட்டிக் குடுத்த கிளிப், உடைஞ்ச கிரேயான் எல்லாம் இருக்கும், துணில பாக்கெட் இருக்காது. கடைல விக்கறதெல்லாம் சமையல் ஏப்ரன், ஒரே ஒரு பெரிய பாக்கெட், குனிஞ்சா எல்லாம் கொட்டும். நாலஞ்சு சின்ன பாக்கெட் வச்சு யாராச்சும் தச்சுக் குடுத்தா நான் தெனமும் கட்டுவேன், சத்தியமா.

கத்தரிக்கோல்:
இதான் வேணும்! ரெட்டைவால்அம்மா, இதுக்கு மேல யோசிக்காதீங்க. பாக்கெட் துணில பொண்ணு வரையட்டும், நீங்க தைங்க.

கணக்கு சொல்றேன் எழுதிக்கங்க. 110 செ.மீ. அகலத்துல காடா துணி, இல்ல கொஞ்சம் தடியான காட்டன், ஒன்றரை மீட்டர் வாங்குங்க. முதல்ல வெந்நீர்ல நனைச்சு துவைச்சுக் காய வைங்க, காட்டன் சுருங்கும், தச்சப்பறம் சுருங்கினா பாக்கெட் இழுத்துக்கும். அந்தத் துவைக்கறப்ப ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊத்தாதீங்க, அது துணி மேல படிஞ்சுக்கும், மார்க்கர் மை ஏறாது. காஞ்சப்பறம் 65 செ.மீ. நீளத்துக்கு ரெண்டா வெட்டுங்க. முதல் துண்டுல 34 செ.மீ. அகலத்துல மூணு பீஸ், அது ஏப்ரனோட உடம்பு. ரெண்டாவது துண்டுல 21 செ.மீ. அகலத்துல அஞ்சு பீஸ் வரும், மூணு பாக்கெட்டுக்குப் போக ரெண்டு மிச்சம். அந்த மிச்சம்தான் முக்கியம், புள்ள ஒண்ணுல கறுப்பு மார்க்கர ஒரேயடியா தேய்ச்சு வச்சாலும் நீங்க சிரிச்சுகிட்டே இன்னொண்ண எடுத்துக் குடுக்கலாம். கட்டற கயிற துணில வெட்டாதீங்க, ரெடிமேட் நாடா வாங்கிக்கங்க, வேலை பாதியாயிடும்.

வரையும்போது துணிய அட்டை மேல விரிச்சு நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. ரெண்டு லாபம், துணி நகராது, தையலுக்குள்ள போற ஓரத்த டேப் மறைச்சுக்கும், அதனால மிஸ்ஸோட கால் மடிப்புக்குள்ள மாட்டிக்காது. பாக்கெட்டுக்கு நடுவுல கோடு தையல் எங்க வரும்னும் லேசா டேப் ஒட்டிட்டா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு படம்னு தானா பிரிஞ்சுடும்.

துணி மார்க்கர்ல வரையணும். ஒரு நாள் காய விட்டு, பின்பக்கமா, நீராவி இல்லாம, காட்டன் சூட்டுல அயர்ன் பண்ணணும். பெயிண்ட்ல அச்சு அடிச்சாலும் இதேதான். அப்பதான் துவைச்சா நிக்கும். பாக்கெட் வாய் ரெண்டு மூலையிலயும் ஒரு சின்ன முக்கோணம் தச்சு விடுங்க, முதல்ல பிய்யற எடம் அதுதான். 14 நம்பர் ஊசி போதும், மடிப்பு மேல மடிப்பு வர்ற எடத்துல மட்டும் மெதுவா சக்கரத்த கையால சுத்துங்க.

நூல்கண்டு:
யப்பா, இவங்க கடை வச்சிருக்காங்களா! புள்ள படத்து மேல ரெண்டு கோடு எம்பிராய்டரி போட்டா இன்னும் அழகா இருக்கும், தலைமுடிக்கு மட்டும். ஆறு இழை நூல்ல ரெண்டு இழை எடுத்து பேக் ஸ்டிச். அம்மா எதயும் புதுசா வரையக் கூடாது, புள்ள போட்ட கோட்டு மேலதான் ஊசி போகணும். தண்ணில அழியற நீலப் பேனால ஏதாச்சும் மார்க் பண்ணா அயர்ன் பண்றதுக்கு முன்னாடி அத கழுவிடுங்க, சூடு பட்டா அந்தக் கறை துணியோட இருந்துடும்.

சும்மாவாசகி:
சரி, இப்ப நானும் கட்சி மாறிட்டேன். ஆனா ஒண்ணு, மூணும் ஒரே துணி, ஒரே சைஸா இருக்கட்டும். மிஸ்ஸுக்கு பெருசு, ஆயாம்மாக்கு மிச்சத் துணில சின்னதுன்னு வேண்டாம். அவங்க மூணு பேரும் ஒரே ரூம்ல பக்கத்துல பக்கத்துல நின்னுதான் கட்டிக்கப் போறாங்க.

ஓரக்கண்:
ஒரு டவுட்டு. சில ஸ்கூல்ல கிஃப்டே வாங்கக் கூடாதுன்னு ரூல் இருக்குமே?

மழலைமிஸ்:
இருக்கு. ஆஃபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கையால செஞ்சதுக்கும் லெட்டருக்கும் பெரும்பாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா கேட்டுக்கறது நல்லது. அப்புறம் காலைல எல்லாப் புள்ளைங்களும் பாக்கறப்ப தூக்கிட்டு வராதீங்க. கொண்டு வராத புள்ள மூஞ்சி அப்படியே சுருங்கிடும், அத பாத்துட்டு நாங்க எப்படி சந்தோஷமா வாங்கறது? விடற நேரத்துல ஓரமா குடுத்துட்டுப் போங்க.

ஓரக்கண்:
நன்றி மிஸ். எங்க கிளாஸ்ல எல்லா பேரண்ட்ஸும் சேந்து ஒரு புக்கு பண்ணலாம்னு பேச்சு. ஒரு புள்ளக்கு ஒரு பக்கம். யார் பைண்ட் பண்றதுங்கறதுலதான் நிக்குது.

பசைடப்பா:
அதுக்கு பைண்டிங் கடையே வேண்டாம். ஏ4 தடி பேப்பர் ஆறு எடுத்து நடுவுல மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகினா ஏ5 சைஸ்ல 24 பக்கம். மடிப்புல மூணு ஓட்டை, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. தடி ஊசில மெழுகு தடவின நூல கோத்து உள்பக்கத்துலேந்து நடு ஓட்டை வழியா வெளிய போங்க, மேல் ஓட்டைல உள்ள வாங்க, நடுவ விட்டுட்டு நேரா கீழ் ஓட்டைல வெளிய போங்க, திரும்ப நடு ஓட்டைல உள்ள வந்துடுங்க. இப்ப உள்ள ஒரு நீள நூல் ஓடும், அதுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை அந்தப் பக்கம் ஒரு முனை வச்சு முடிச்சுப் போடுங்க. அவ்ளோதான்.

பேப்பர மட்டும் நீங்களே எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி வெட்டிக் குடுத்துடுங்க. அவங்கவங்க வீட்டு பேப்பர்ல வரைஞ்சா ஒண்ணு நோட்டு பேப்பர்ல வரும், ஒண்ணு சார்ட் பேப்பர்ல வரும், ஜிகினா கொட்டி ஒண்ணு வரும். வந்த பக்கத்த ஸ்கேன் பண்ணி பிரிண்ட் எடுத்து அத தைங்க, அப்படின்னா எத்தனை மிஸ் இருந்தாலும் ஆளுக்கு ஒரு காப்பி. புள்ளைங்க போட்டோ சேக்கறதா இருந்தா அந்தந்த வீட்டுல கேட்டுட்டு சேருங்க, சிலருக்குப் பிடிக்காது.

அரைடிக்கெட்அப்பா:
பக்கத்துல என்ன எழுத வைக்கறதுன்னு யோசிக்கறவங்களுக்கு, புள்ளய பேட்டி எடுங்க. "மிஸ் எவ்ளோ உயரம்? மிஸ் ராத்திரி எங்க தூங்குவாங்க? மிஸ்ஸுக்கு என்ன பண்ணா கோவம் வரும்?" எங்க வீட்டு ஆள் சொன்னது, மிஸ் ஸ்கூல்லயே மேஜை அடில தூங்குவாங்களாம், வயசு நூறாம். சொன்னத சொன்னபடியே எழுதணும், நாம இலக்கணம் போட்டு சரி பண்ணா சப்புனு ஆயிடும். "மிஸ் எப்படிப்பட்டவங்க"ன்னு பொதுவா கேட்டா "நல்லவங்க"ன்னு சொல்லிட்டு ஓடிடும், கேள்வி குறிப்பா இருக்கணும்.

மழலைமிஸ்:
ஒரு புள்ள எனக்கு வயசு ஆறுன்னு சொல்லியிருந்தான். அந்தப் பேப்பர நான் யாருக்கும் தர மாட்டேன்.

ரெட்டைவால்அம்மா:
துணி வாங்கி துவைச்சாச்சு, நேத்து டேப் ஒட்டி உக்கார வச்சேன். மிஸ்ஸுக்கு பாக்கெட் பூரா முடி. அசிஸ்டன்ட் மிஸ்ஸுக்கு ஒரு பஸ் வரைஞ்சா, ஏன்னு கேட்டா "அவங்களுக்கு பஸ் பிடிக்கும்"ங்கறா, எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஆயாம்மாக்கு ஒரு தண்ணி பாட்டில், அது பக்கத்துல தன்னையே வரைஞ்சுகிட்டா, கைய ரொம்ப நீளமா. அத மட்டும் நான் எம்பிராய்டரி போடாம அப்படியே விடப் போறேன். லெட்டர்ல மூணு பேருக்கும் அந்தப் படத்துக்கு அவ சொன்ன காரணத்தையே எழுதிடறேன், நான் வேற வசனம் தேட வேண்டாம்.

நாலாவது துணி, கத்தரிக்கோல் சொன்ன மாதிரியே, முழுக் கறுப்பு. கேட்டா ராத்திரியாம்.

ஒரே ஒரு டவுட்டு பாக்கி. நாடா வெள்ளை நல்லா மேட்ச் ஆகுது, ஆனா கருநீலமும் கிடைக்குது. எது?

மழலைமிஸ்:
கருநீலம். பெயிண்ட் கைய தொடைக்கப் புள்ளைங்க முதல்ல பிடிக்கறது அந்த முடிச்சத்தான்.

கத்தரிக்கோல்:
கருநீலம் சாயம் போகுமான்னு ஈரத் துணில தேச்சுப் பாத்துட்டுத் தைங்க. ஒரு பக்கத்துக்கு 90 செ.மீ. விடுங்க, பின்னாடி கொண்டு போய் திரும்ப முன்னாடி கட்டறவங்களுக்கும் பத்தும்.